இயந்திர மொழிபெயர்ப்பில் ‘அவர்’

கூகுள் நிறுவனத்தின் மொழிபெயர்ப்புச் சேவையில் தமிழ் 2011ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. தொடர்களைத் துண்டு துண்டாகப் பெயர்த்த முறைக்கு மாற்றாக, வாக்கியம் முழுவதையும் ஒருங்கே நோக்கும் நரம்பு வலையமைப்பு முறை 2017இல் தமிழுக்கும் வந்தது. எனினும், வாக்கியத்தில் இல்லாத செய்தியை அம்முறையாலும் அறிய இயலாது.

‘அவர் மருத்துவர்’ என்பதில் ‘அவர்’ மரியாதை ஒருமை. ஆண், பெண் இருபாலுக்கும் பொது. கன்னட ‘அவரு’ என்பதும் இத்தகையதே. ஆங்கிலப் படர்க்கை ஒருமையோ பாலைக் காட்டும், மரியாதையைக் காட்டாது. பால் காட்டாத துருக்கியப் பதிலிப்பெயருக்கு இருபால் பெயர்ப்புகளையும் அந்நிறுவனம் 2018இல் அளித்தது. தமிழுக்கு அவ்வாறு அளிப்பினும் மரியாதைப் பொருள் விடுபடும். ஆகவே, முன்பின் வாக்கியங்களைக் கொண்டு பாலைத் துணிவதும், மரியாதையை வேறு சொல்லால் ஈடுசெய்வதும் மொழிபெயர்ப்பாளரின் கடமையாகவே எஞ்சுகின்றன.