சர்க்கரை காட்டும் கைக்கடிகாரம்

ஊசி குத்தாமலே ரத்தச் சர்க்கரையைக் காட்டும் என்று கைக்கடிகாரங்கள் விற்பனைக்கு வருகின்றன. கல்லாவை விட்டு எழ நேரமில்லாத நமக்கு ஆசை காட்டும் சரக்குதான். ஆனால் தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. முத்திரையில்லாத தராசை நாம் கடையில் வைப்போமா? அது காட்டும் எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டினால் சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

கடிகாரம் பச்சை ஒளி பாய்ச்சி நாடித்துடிப்பைக் கணக்கிடுவது வேறு. அந்தப் பதிவை டாக்டரிடம் காட்டலாம். சர்க்கரைக்குப் புஜத்தில் ஒட்டும் சென்சார் உண்டு. அதன் மெல்லிய இழை தோலுக்குள் இருந்து, 14 நாட்கள் வரை ஏற்ற இறக்கத்தைப் பதியும். எந்தச் சாப்பாட்டுக்குப் பின் ஏறியது என்று பார்த்து டாக்டர் மருந்தை மாற்றுவார். விலை அதிகம். மாத்திரை மட்டும் சாப்பிடுவோர் பலருக்கு, விரலில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டரே போதும்.