ஷரஃபியாவின் குடிநீர்: நாளைய திட்டமும் குடியிருப்போர் அறிய வேண்டியதும்

ஜித்தா நகருக்கு ஆறு இல்லை; ஏரியும் இல்லை. கடல்நீரைக் காய்ச்சி வடித்து நன்னீராக்கும் 'கிந்தாசா' என்னும் இயந்திரம் உஸ்மானியர் ஆட்சிக்காலத்திலேயே இங்கு நிறுவப்பட்டது. 1947ஆம் ஆண்டில் மன்னர் அப்துல் அஸீஸ் அமைத்த அல்-அய்ன் அல்-அஸீஸிய்யா திட்டத்தின் வழியாக வாதி ஃபாத்திமா பள்ளத்தாக்கின் ஊற்றுநீர் குழாய்களில் நகரை வந்தடைந்தது. ஊர் வளர, ஊற்று போதவில்லை. 1970இல் ஜித்தாவின் முதல் பெரிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது.

இன்று நகருக்கு வரும் நீரின் பெரும்பகுதி, தெற்கே நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஷுஐபா கடற்கரை நிலையங்களில் உருவாகிறது. மக்காவும் தாயிஃபும் அந்நீரையே நம்பியுள்ளன. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் நிலையங்கள் ஓரளவு கைகொடுத்ததைப் பலரும் நினைவில் வைத்திருப்பர். ஜித்தாவின் நிலை வேறு. இங்கு மழை பொய்த்தாலும் குழாய் வற்றாது. நிலையமோ அதிலிருந்து வரும் பெருங்குழாயோ பழுதுபட்டால் வற்றும்.

ஆகவே எதிர்காலத் திட்டமிடலில் உற்பத்திக்கு நிகரான இடம் சேமிப்புக்குத் தரப்படுகிறது. பழுது நீக்கப்படும்வரை நகருக்கு நீர் வழங்கும் பொருட்டுப் பிரிமான் முதலிய இடங்களில் பெருந்தொட்டிகள் கட்டப்பட்டுள்ளன. கடல்நீரைக் கொதிக்கவைத்துப் பிரிக்கும் பழைய நிலையங்கள், மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் சவ்வு முறைக்குப் படிப்படியாக மாற்றப்படுகின்றன. மூன்றாவது வழி, தேவையைக் குறைப்பது. 2019இல் தொடங்கப்பட்ட 'கத்ரா' திட்டம், ஒருவருக்கு நாளொன்றுக்கு 263 லிட்டராக இருந்த பயன்பாட்டை 2030க்குள் 150 லிட்டராகக் குறைக்க இலக்கு வகுத்தது.

சேமிப்புச் சங்கிலியின் கடைசிக் கண்ணி கட்டடத்தின் நிலத்தடித் தொட்டியாகும். நகரின் பல பகுதிகளில் நீர் முறைவைத்தே விடப்படுகிறது. வரும் நாளில் தொட்டி நிறைந்தால்தான் அடுத்த முறைவரை தாங்கும். இல்லையேல் தண்ணீர் லாரிக்குக் காசு கொடுக்க நேரிடும். ஷரஃபியாவின் பழைய கட்டடங்களில் மிதவை வால்வு பழுதாகி நீர் வழிவதும், தொட்டிச் சுவரின் விரிசலில் ஓசையின்றிக் கசிவதும் அரிதல்ல. இரவில் அனைவரும் உறங்கியபின்னும் மீட்டர் சுழன்றால், தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க வேண்டும். நிரம்பியும் சுழன்றால் கசிவு உண்டு.

இனிக் கட்டணம். 2016இல் நடைமுறைக்கு வந்த படிநிலை முறையின்படி, ஒரு வீட்டுக்கு மாதத்தின் முதல் 15 கன மீட்டருக்கு கன மீட்டருக்கு 0.10 ரியால், அடுத்தடுத்த 15 கன மீட்டர்களுக்கு முறையே 1, 3, 4 ரியால், 60க்கு மேல் 6 ரியால். கழிவுநீர்க் கட்டணம் தனி.

பல வீடுகளுக்கு ஒரே மீட்டர் உள்ள கட்டடத்தில், பதிவுசெய்யப்பட்ட வீடுகளின் எண்ணிக்கைக்கேற்ப இப்படிகள் பெருகும். இதை அறியாமல் பலர் கூடுதலாகச் செலுத்துகின்றனர். ஆறு வீடுகள் கொண்ட ஒரு கட்டடம் மாதம் 120 கன மீட்டர் பயன்படுத்துவதாகக் கொள்வோம். ஆறும் பதிவாகியிருந்தால், வீட்டுக்கு 20 கன மீட்டராகக் கணக்கிடப்பட்டு மொத்தம் 39 ரியால் வரும். ஒரே வீடெனப் பதிவாகியிருந்தால் அதே நீருக்கு 481.50 ரியால். பயன்பாட்டில் ஒரு துளியும் கூடவில்லை. கூடியது கட்டணம் மட்டுமே.

ஆனால் இம்முறை தலைகளை எண்ணுவதில்லை. நால்வர் குடும்பம் நாளொன்றுக்கு ஆளுக்கு 150 லிட்டர் பயன்படுத்தினால் மாதம் 18 கன மீட்டர். எண்மர் சேர்ந்து தங்கும் அறைவீட்டில், அவர்கள் அதே சிக்கனத்தோடு இருந்தாலும், 36 கன மீட்டராகி மூன்றாம் படியை எட்டிவிடும். கட்டணத்தைப் பங்கிட்டுக் கொள்ளும் நண்பர்கள் இதைக் கருத்திற்கொள்வது வீண் பூசலைத் தவிர்க்கும்.

நீர்க் கணக்கு பெரும்பாலும் கட்டட உரிமையாளர் பெயரில் இருப்பதால், தேசிய நீர் நிறுவனத்தில் வீடுகளின் எண்ணிக்கையைத் திருத்தும் விண்ணப்பத்தையும் அவரே அளிக்க வேண்டும். வாடகைதாரர்கள் அண்மைய ரசீதுடன் உரிமையாளரையோ கட்டடக் காவலரையோ அணுகி, எத்தனை வீடுகள் பதிவாகியுள்ளன என்று கேட்டறியலாம். வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும் வேளை அதற்கு ஏற்றது.