வழக்காடுமுன் சமரசம் பேசுவோம்



கொடைக்கானலில் இயங்கிய பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. பாதரசத்தால் தங்கள் உடல்நலம் கெட்டது எனக் கூறி முன்னாள் தொழிலாளர்கள் 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் அதனை மறுத்தது. பத்தாண்டுகளுக்குப் பின், 2016 மார்ச்சில், இரு தரப்பும் உடன்பாடு கண்டன. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் கருணைத் தொகை வழங்க நிறுவனம் இசைந்தது. யார் குற்றவாளி என்ற தீர்ப்பு வரவில்லை; ஆயினும் காத்திருந்தோர் கைக்கு உதவி வந்தது. அதேவேளை, அங்குள்ள மண்ணைத் தூய்மைப்படுத்தும் பிரச்சினை அத்துடன் முடியவில்லை. ஏனெனில், ஊரார் அனைவருக்கும் உரியதை இருவர் பேசி விட்டுக்கொடுக்க இயலாது.

கஅப் பின் மாலிக் (ரலி) அவர்கள் தமக்கு வரவேண்டிய கடனைப் பள்ளிவாசலில் கேட்டபோது குரல்கள் உயர்ந்தன. அதனைச் செவியுற்ற நபி (ஸல்) அவர்கள், பாதியைத் தள்ளுபடி செய்யுமாறு கஅபுக்குச் சைகை செய்தார்கள். அவர் இசைந்ததும், மீதியை உடனே செலுத்துமாறு கடனாளிக்குப் பணித்தார்கள். இச்செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. ஒருவர் விட்டுக்கொடுக்க, மற்றவர் தாமதமின்றிக் கொடுத்துவிட வேண்டும். இதுவே சமரசத்தின் இலக்கணம்.

நமது நாட்டுச் சட்டமும் இதற்கு வழி செய்துள்ளது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவின்படி, நீதிமன்றமே வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பலாம். இதற்கென 2005இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் தொடங்கப்பட்டது. சமரசர் தீர்ப்பளிக்க மாட்டார். இரு தரப்பும் தாமே முடிவு காண உதவுவார். அங்கே பேசப்படுபவை இரகசியமாகக் காக்கப்படும். உடன்பாடு ஏற்படாவிடில் வழக்கு மீண்டும் நீதிமன்றத்தில் தொடரும்.

வழக்குத் தொடுக்கும் முன்னரே மாவட்ட அல்லது வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகி, மக்கள் நீதிமன்றத்தில் பிணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம். அதன் முடிவு நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது; அதன்மீது மேல்முறையீடு இல்லை. நிலுவையிலுள்ள வழக்கு அங்கே முடிந்தால், செலுத்திய நீதிமன்றக் கட்டணம் திருப்பித் தரப்படும். பெண்களுக்கு, வருமானம் எதுவாயினும், இலவசச் சட்ட உதவி உண்டு.

ஜமாஅத் பெரியவர்கள் பேசி இணக்கம் ஏற்படுத்துவது நற்செயலே. ஆனால், ஜமாஅத் நீதிமன்றம் அன்று. ஃபத்வாவுக்குச் சட்ட வலு இல்லை என உச்ச நீதிமன்றம் 2014இல் தெளிவுபடுத்தியுள்ளது. ஆகவே, பேசி முடித்ததை எழுத்தில் வடித்து, சட்டப்படி உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள்! தந்தையின் சொத்தில் சகோதரிக்குரிய பங்கை, "குடும்ப ஒற்றுமை" என்று சொல்லி வற்புறுத்தி விட்டுக்கொடுக்கச் செய்வது சமரசமன்று, அநீதி. ஹராமை ஹலாலாக்கும் சமரசத்துக்கு மார்க்கத்தில் இடமில்லை. இன்றே உங்கள் உறவில் நிற்கும் பிணக்கை நினைத்துப் பாருங்கள். முதல் சொல்லை நீங்களே பேசுங்கள். அல்லாஹ் நம் உள்ளங்களை இணைத்து வைப்பானாக! ஆமீன்.