சரக் கோட்பாடு: இயற்பியல் தொடக்கநிலையினருக்கு

சரக் கோட்பாடு என்பது எலக்ட்ரான், குவார்க், போட்டான் போன்ற அடிப்படைத் துகள்களை அளவற்ற புள்ளிகளாகக் கருதாமல், மிக நுண்ணிய சரங்களின் அதிர்வுகளாகக் கருதும் இயற்பியல் கோட்பாடு ஆகும். இழைக் கோட்பாடு என்றும் அழைக்கப்படுகிறது. ஈர்ப்பையும் குவாண்டம் இயற்பியலையும் ஒரே கணித அமைப்புக்குள் கொண்டுவரும் முயற்சிகளுள் மிகுதியாக ஆராயப்பட்டது இதுவே. ஆயினும் இதை உறுதிசெய்யும் சோதனைச் சான்று எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. படிக்கத் தொடங்குவோர் இவ்விரண்டையும் சேர்த்தே மனத்தில் கொள்ள வேண்டும்.

தேவை எங்கே எழுந்தது?

ஐன்ஸ்டைன் 1915இல் முடித்த பொதுச் சார்புக் கோட்பாடு, ஈர்ப்பைக் காலவெளியின் வளைவாக விளக்குகிறது. குவாண்டம் கோட்பாடு அணுவையும் அதற்குள் இருப்பவற்றையும் விளக்குகிறது. மின்காந்த விசை, வலிய விசை, மெலிய விசை ஆகிய மூன்றும் துகள்களின் பரிமாற்றத்தால் நிகழ்வதாகக் குவாண்டம் கோட்பாடு கூறுகிறது. ஈர்ப்புக்கும் அதே வழியைப் பின்பற்றி, கிராவிட்டான் என்னும் துகளின் பரிமாற்றமாகக் கணக்கிட்டால் நீக்க முடியாத முடிவிலிகள் வந்து நிற்கின்றன. கோள்களின் இயக்கத்துக்குக் குவாண்டம் கணக்கு தேவையில்லை. அணுவின் கணக்கில் ஈர்ப்பு பொருட்படுத்தத்தக்கதன்று. ஆனால் கருந்துளையின் உட்பகுதியிலும் பேரண்டத்தின் தொடக்கக் கணங்களிலும் இரண்டும் ஒருசேரத் தேவைப்படுகின்றன.

முடிவிலிக்கு ஒரு காரணம், புள்ளியும் புள்ளியும் சந்திக்கும்போது இடைத்தொலைவு சுழியாகிவிடுவது. சரங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. இரண்டு வளையச் சரங்கள் ஒன்றாகும் நிகழ்வை வரைந்தால், கால்சட்டையின் இரு கால்களும் இடுப்பில் சேர்வது போன்ற வழவழப்பான பரப்பு கிடைக்கும். இணைவு நிகழ்ந்த புள்ளி இதுதான் என்று அப்பரப்பில் எந்த இடத்தையும் சுட்டிக்காட்ட முடியாது. அதனால் கணக்கும் கட்டுக்குள் நிற்கிறது.

அதிர்வு எப்படித் துகளாகிறது?

வீணைத் தந்தி மீட்டப்படும்போது முழு நீளத்துக்கும் ஒரே வளைவாக மட்டும் அதிர்வதில்லை. இரண்டு, மூன்று, நான்கு பகுதிகளாகப் பிரிந்தும் அதிர்கிறது. பள்ளி இயற்பியலில் மேற்சுரங்கள் என்று படிப்பது இவற்றையே. சரக் கோட்பாட்டில் ஒவ்வொரு அதிர்வு முறையும் ஒரு துகளாகும். அதிர்வு வலுத்தால் ஆற்றல் கூடும். ஆற்றலும் நிறையும் ஒன்றுக்கொன்று மாறக்கூடியவை என்பதால் துகளின் நிறையும் கூடும்.

உவமை இதற்கு மேல் செல்லாது. வீணைத் தந்தி உலோக அணுக்களால் ஆனது. சரமோ வேறு எதனாலும் ஆனதன்று. அதிலிருந்து ஒலியும் எழுவதில்லை. பேரண்டமே இசைதான் என்பது போன்ற வருணனைகள் கேட்க இனியவை, ஆனால் எதையும் விளக்குவதில்லை.

வேண்டாத துகள்

இக்கோட்பாடு ஈர்ப்புக்காகப் பிறந்ததன்று. 1968இல் கேப்ரியேல் வெனிசியானோ, வலிய விசையால் நிகழும் துகள் மோதல்களை விளக்க, 18ஆம் நூற்றாண்டுக் கணிதவியலாளர் ஆய்லரின் பீட்டா சார்பு பொருந்துவதைக் கண்டார். அச்சூத்திரம் அதிரும் சரங்களைக் குறிக்கிறது என்று யோய்ச்சிரோ நம்பு, ஹோல்கர் நீல்சன், லெனார்ட் சஸ்கைண்ட் ஆகியோர் தனித்தனியே உணர்ந்தனர்.

ஆனால் கணக்கில் ஒரு துகள் தொடர்ந்து தலைகாட்டியது: நிறை சுழி, தற்சுழற்சி எண் 2. வலிய விசைக்கு உட்படும் துகள்களுள் அப்படி ஒன்று இல்லை. நீக்க முயன்றாலும் அது நீங்கவில்லை. 1973 அளவில் குவார்க்குகளை அடிப்படையாகக் கொண்ட குவாண்டம் நிறவியக்கவியல் வலிய விசையைச் சிறப்பாக விளக்கியதும், பெரும்பாலோர் சரங்களைக் கைவிட்டனர்.

1974இல் ஜோயல் ஷெர்க், ஜான் ஷ்வார்ஸ் இருவரும், ஜப்பானில் தமியாக்கி யோனேயா தனியாகவும், அந்தத் துகளை வேறு கண்ணால் பார்த்தனர். நிறையற்ற, தற்சுழற்சி 2 கொண்ட துகள் என்பது கிராவிட்டானுக்கு உரிய இலக்கணம் அல்லவா? குறை என்று ஒதுக்கப்பட்டதே ஈர்ப்பாக இருந்தது. யாரும் வலிந்து நுழைக்காமல் ஈர்ப்பு தானாகவே வெளிப்பட்டது என்பதுதான் இக்கோட்பாட்டின் மீதான நம்பிக்கைக்கு இன்றும் முதற்காரணம். அன்று அதைப் பொருட்படுத்தியவர் சிலரே. 1984இல் மைக்கேல் கிரீனும் ஷ்வார்ஸும் கோட்பாட்டின் கணித முரண் ஒன்று நீங்குவதை நிறுவிய பின்னரே பெருங்கூட்டம் இத்துறைக்கு வந்தது. 1980இல் தம் 33ஆம் வயதில் இறந்த ஷெர்க் அதைக் காணவில்லை.

கூடுதல் பரிமாணங்கள்

முரணின்றி அமைய, முதல் வடிவத்துக்கு 26 பரிமாணங்கள் தேவைப்பட்டன; எலக்ட்ரான் போன்ற பொருள்துகள்களையும் சேர்த்த வடிவத்துக்கு 10. நாம் அறிந்த நான்கு போக மற்றவை மிகச் சிறிதாகச் சுருண்டிருக்கலாம். கிணற்றுத் தாம்புக்கயிறு தொலைவிலிருந்து வெறும் கோடாகத் தெரியும். அதன்மேல் ஊரும் எறும்புக்கோ கயிற்றைச் சுற்றியும் நடக்க வழியுண்டு. 1995இல் எட்வர்ட் விட்டன், அதுவரை தனித்தனியாகத் தோன்றிய ஐந்து சரக் கோட்பாடுகளும் 11 பரிமாணங்கள் கொண்ட எம்-கோட்பாட்டின் வெவ்வேறு முகங்களாக இருக்கலாம் என்று முன்மொழிந்தார்.

சோதிக்க முடியுமா?

சரத்தின் நீளம் பிளாங்க் நீளமான சுமார் 10⁻³⁵ மீட்டரை ஒட்டியது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. அத்தகைய சரம் ஒரு மில்லிமீட்டராகப் பெருக்கப்பட்டால், புரோட்டான் சுமார் 10 ஒளியாண்டு அகலத்துக்கு விரியும். அந்த அளவை நேரடியாக ஆராய, ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவில் இயங்கும் பெரிய ஹாட்ரான் மோதுவியின் ஆற்றலைப் போல ஏறக்குறைய 10¹⁵ மடங்கு வேண்டும்.

சரக் கோட்பாட்டோடு இணைந்த மீச்சீர்மை, ஒவ்வொரு துகளுக்கும் ஓர் இணைத்துகள் உண்டென்கிறது. அவற்றுள் ஒன்றும் அம்மோதுவியில் தென்படவில்லை. இதனால் கோட்பாடு பொய்த்துவிடவில்லை. இணைத்துகள்களின் நிறை இவ்வளவு என்று அது அறுதியிட்டுச் சொல்லவே இல்லை. குறைகூறுவோர் சுட்டிக்காட்டுவதும் இதைத்தான். பரிமாணங்கள் சுருளும் முறைகளுக்கு 10⁵⁰⁰ அளவிலான தீர்வுகள் உண்டு என்ற மதிப்பீடு அவர்களது வாதத்தை வலுப்படுத்துகிறது. லீ ஸ்மோலின், பீட்டர் வொய்ட் ஆகியோர் 2006இல் இத்தகைய விமர்சனங்களை நூல்களாகவே வெளியிட்டனர்.

மறுபுறம், 1996இல் ஆண்ட்ரூ ஸ்ட்ரோமிஞ்சரும் கும்ருன் வாஃபாவும் சில சிறப்பு வகைக் கருந்துளைகளின் என்ட்ரோப்பியைச் சரக் கோட்பாட்டால் கணக்கிட, அது பெக்கென்ஸ்டைன்–ஹாக்கிங் சூத்திரத்தோடு சரியாகப் பொருந்தியது. இது சோதனைச் சான்று ஆகாது. தற்செயல் என்று ஒதுக்கவும் எளிதன்று.

கற்கத் தொடங்குவோருக்கு

அலைகள், சிறப்புச் சார்புக் கோட்பாடு, குவாண்டம் இயற்பியல் ஆகியவற்றின் அடிப்படை இல்லாமல் இத்துறையின் கணிதத்துக்குள் நுழைய இயலாது. இளநிலை மாணவர்களுக்காகப் பார்ட்டன் ஸ்வீபாக் எழுதிய அறிமுகப் பாடநூல் இந்த வரிசையையே பின்பற்றுகிறது. சாதாரணத் தந்தியின் அலைச் சமன்பாடு அதில் 4ஆம் அத்தியாயம். சார்பியல் சரம் 6ஆம் அத்தியாயத்தில்தான் வருகிறது.