எலும்பிலிருந்து எழுந்த இரசாயனம்

மருந்துக் குப்பிகளும் அமிலச் சாடிகளும் மேல்நாட்டுக் கப்பல்களில் வந்திறங்கிய காலம் ஒன்று இருந்தது. இரசாயனம் என்பது பிறர் ஆக்க, நாம் விலைகொடுத்து வாங்கும் சரக்கு என்றே அயலிலுள்ள பாரத மக்களும் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணத்தை மாற்றிய பெரியார் ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராய்.

1861ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் திகதி, இன்று வங்காளதேசத்திலுள்ள ராருலி என்னுங் கிராமத்தில் அவர் பிறந்தார். கில்கிறைஸ்ட் புலமைப்பரிசில் பெற்று எடின்பரோ சென்று, 1887இல் விஞ்ஞான கலாநிதியானார். 1889இல் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியிலே துணைப் பேராசிரியராக அமர்ந்தார். சம்பளம் மாதம் 250 ரூபா. உயர்ந்த பதவிகள் பெரும்பாலும் ஆங்கிலேயருக்கே வாய்த்த நாட்கள் அவை. இவ்வநீதி அவர் நெஞ்சைச் சுட்டது. எனினும் ஆய்வுகூடத்தை அவர் கைவிட்டாரல்லர்.

1896இல் இரசத்தின்மீது ஐதான நைத்திரிக்கமிலம் தாக்கியபோது மஞ்சட் பளிங்குகள் தோன்றக் கண்டார். அவற்றைப் புறக்கணியாது சோதித்தறிந்து, அது மேர்க்கூரசு நைத்திரைற்று என்னும் புதிய சேர்வையென உலகுக்கு அறிவித்தார். நைத்திரைற்று ஆராய்ச்சியில் அவர் பெயர் நிலைத்தது.

ஆனால் ஏட்டிலே நிற்கும் அறிவு நாட்டுக்குப் போதாது என்பது அவர் துணிபு. வாடகை வீடொன்றிலே, சிறு முதலுடன் மருந்து செய்யத் தொடங்கினார். பொசுபேற்று எடுப்பதற்காக இறைச்சிக் கடைகளில் வாங்கிய எலும்புகளை மொட்டைமாடியில் உலர வைத்தார். எதிர்பாராத மழையால் அவை அழுகி நாறவே, அயலவர் சினந்தெழுந்தனர். பேராசிரியர் தளரவில்லை, எலும்புகளை வேறிடத்தில் எரித்துச் சாம்பலாக்கினார். அச்சாம்பலைக் கந்தகவமிலத்துடன் சேர்த்துத் தாம் வேண்டிய பொருளைப் பெற்றார். அம்முயற்சியே 1901இல் வங்காள இரசாயன மருந்துத் தொழிற்சாலை என்னும் கூட்டு நிறுவனமாயிற்று.

முன்னோரின் இரசவாத ஏடுகளையும் அவர் மறந்தாரல்லர். பண்டைய இந்திய இரசாயனத்தின் வரலாற்றை ஆராய்ந்து 1902இலும் 1909இலும் இரு பாகங்களாக வெளியிட்டார். 1924இல் இந்திய இரசாயனச் சங்கம் தோன்றியபோது அதன் முதல் தலைவராகவும் விளங்கினார்.

இவை யாவற்றினும் மேலானது அவர் வளர்த்த மாணவர் பரம்பரையே. பௌதிக மேதைகளான சத்தியேந்திரநாத் போஸும் மேகநாத சாகாவும் அவரிடம் இரசாயனங் கற்றவர்களே. மணஞ் செய்யாத அவருக்கு மாணவரே மக்களாயினர். பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரியின் ஓர் அறையே அவர் இல்லம். 60 வயதுக்குப் பின் தமக்குரிய சம்பளத்தைப் பல்கலைக்கழகத்துக்கே ஈந்தார். 1944 ஜூன் 16ஆம் திகதி அவர் மறைந்தார்.

சூத்திரங்களை மனனஞ் செய்து பரீட்சையிலே தேறுவதோடு விஞ்ஞானக் கல்வி முடிந்துவிடுகிறதென நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அழுகிய எலும்பைத் தம் கையாலே தொட்டு மருந்தாக்கிய அப்பேராசிரியரை நம் மாணவச் செல்வங்கள் ஒருகணம் நினைப்பார்களாக.