பழைய கம்பைலரை எப்போது கைவிடுவது?

சி மொழியில் எழுதிய நிரலைக் கணினியின் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர். பழசோ புதுசோ, மாற்றித் தந்தால் போதாதா? லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் நடந்ததைப் பாருங்கள்.

64 பிட் ஆர்ம் கணினிகளில் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, தரவு கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்ணான செக்சம் பொருந்தவில்லை என்று அவ்வப்போது புகார் சொல்லிக்கொண்டிருந்தது. வட்டில் பழுதில்லை. குற்றவாளி, கெர்னலை மாற்றித் தந்த ஜிசிசி கம்பைலரின் 4.9 பதிப்பு. ஒரு ஃபங்ஷன், ஸ்டாக் என்னும் தன் தற்காலிக நினைவிடத்தை விட்டுக்கொடுத்த பிறகும் அங்கே கிடக்கும் மதிப்பைப் படிக்கும்படி அது கட்டளைகளை வரிசைப்படுத்தியிருந்தது. அந்த நூலிழை இடைவெளியில் இன்டரப்ட் ஒன்று குறுக்கிட்டால் மதிப்பு அழிந்துவிடும். எப்போதாவதுதான் நடக்கும், அதனால் கண்டுபிடிப்பது பெரும்பாடாகிவிட்டது. 2021இல் அந்த வகைக் கணினிகளுக்குக் குறைந்தபட்சம் ஜிசிசி 5.1 வேண்டும் என்று விதித்தார்கள். அதே ஆண்டில் மற்றவற்றுக்கும் அதுவே விதியானது.

பழசு போனதும் இன்னொரு கதவு திறந்தது. 1989ஆம் ஆண்டின் சி தரத்தையே பிடித்துக்கொண்டிருந்த கெர்னல், 2022இல் 5.18 பதிப்பில் 2011 தரத்துக்கு மாறியது. இனி லூப் மாறியை லூப்புக்குள்ளேயே அறிவிக்கலாம். லூப் முடிந்த பிறகு அந்த மாறியைத் தவறாகக் கையாளும் ஆபத்து குறைவு.

அப்படியானால் குறைந்தபட்சக் கம்பைலர் பதிப்பை ஆண்டுதோறும் ஏற்றிவிடலாமே? கூடாது. பல நிறுவனங்கள் ஒரே லினக்ஸ் பதிப்பைப் பத்தாண்டுகூட வைத்திருக்கும். அவற்றோடு எந்தக் கம்பைலர் வருகிறது என்று பார்த்துத்தான் கை வைக்க வேண்டும். 2025இல் கெர்னல் 6.16இன் குறைந்தபட்சம் ஜிசிசி 8க்கு ஏறியது. ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8, டெபியன் 10 இரண்டிலும் வருவது அதுதான். அந்தக் கம்பைலர் வெளிவந்தது 2018இல். ஏழாண்டு அவகாசம் தாராளம் என்றே சொல்வேன்.