ஹீலா: உயிரணு வங்கியும் கேட்கப்படாத ஒப்புதலும்

புற்றுநோய்க்கான புதிய மருந்து எதுவும் நேராக நோயாளியிடம் வந்துவிடுவதில்லை. அதற்கு முன்பே, ஆய்வகக் குடுவைகளில் வளரும் மனிதப் புற்றுநோய் உயிரணுக்களில் அது சோதிக்கப்படுகிறது. முடிவின்றிப் பெருகும் இவ்வகை உயிரணுக்களின் வம்சாவளியே செல் வரிசை. அவற்றைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துக் காத்து, அடையாளம் சரிபார்த்து, கேட்கும் ஆய்வகங்களுக்கு விலைக்கு வழங்குபவை உயிரணு வங்கிகள். 1925இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் ஏ.டி.சி.சி. அவற்றுள் முதன்மையானது. இந்தியாவில் புனேயிலுள்ள தேசிய உயிரணு அறிவியல் மையம் இப்பணியைச் செய்கிறது.

ஏ.டி.சி.சி. பட்டியலில் சி.சி.எல்.-2 என்னும் எண்ணைத் தாங்கியிருப்பது ஹீலா. 1951இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், கறுப்பினத்தவருக்கெனப் பிரிக்கப்பட்டிருந்த பிரிவில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஹென்ரியட்டா லாக்ஸின் உடலிலிருந்து, அவரிடம் கேட்காமலே எடுக்கப்பட்டவை அவை. புகையிலை வயல்களில் உழைத்து வளர்ந்த அவர், அவ்வாண்டு அக்டோபரில் 31ஆம் வயதில் இறந்தார். உயிரணுக்கள் இறக்கவில்லை. போலியோ தடுப்பூசிச் சோதனைக்காக அவை டஸ்கீகியில் பெருமளவில் வளர்க்கப்பட்டன. கறுப்பின ஆண்களின் மேகநோயைக் குணப்படுத்தாமல் கண்காணித்துவந்த இழிபுகழ் பெற்ற ஆய்வு, அதே ஊரில், அதே ஆண்டுகளில் நடந்துகொண்டிருந்தது.

ஹீலாவின் வீரியமே வங்கிகளுக்கு இடராகவும் ஆயிற்று. 1966இல் ஸ்டான்லி கார்ட்லர் என்னும் மரபியலாளர், தனித்தனி மனிதர்களுடையவை எனக் கருதப்பட்ட 18 செல் வரிசைகளை ஆராய்ந்தார். அனைத்திலும் ஜி6பி.டி. நொதியின் 'ஏ' வகையே இருந்தது. அது ஏறத்தாழ ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் மட்டுமே காணப்படுவது. ஆனால் அவ்வரிசைகளுள் சில வெள்ளையர் உடலிலிருந்து வந்தவை என்றே பதிவாகியிருந்தன. ஹீலா மற்ற குடுவைகளுக்குள் புகுந்து அவற்றை ஆக்கிரமித்திருந்தது. ஓர் உறுப்பின் புற்றுநோய் என நம்பி வேறோர் உறுப்பின் புற்றுநோயை ஆராய்ந்த ஆய்வுகளின் மதிப்பு என்ன? இன்று வங்கிகள் டி.என்.ஏ. அடையாளச் சோதனையை வலியுறுத்துவதன் வரலாறு இங்கிருந்தே தொடங்குகிறது.

இக்கலப்படத்தைப் பிரித்தறிய மரபணுக் குறியீடுகள் தேவைப்பட்டபோது, 1970களில் லாக்ஸின் பிள்ளைகளிடம் இரத்தம் எடுக்கப்பட்டது. எதற்காக என்பது அவர்களுக்கு விளங்கும்படி சொல்லப்படவில்லை. தாயிடம் கேட்காதவர்கள் மக்களிடமும் உரியவாறு கேட்கவில்லை.

சட்டம் என்ன சொன்னது? 1990இல் மூர் வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், வெளியே எடுக்கப்பட்ட உயிரணுக்கள்மீது நோயாளி சொத்துரிமை கோர இயலாது என்றது. மருத்துவர் தம் ஆய்வு ஆதாயத்தை மறைத்தது தவறு என்ற அளவில் மட்டும் வழக்குரிமையை ஏற்றது. 2013இல் ஹீலாவின் மரபணுத் தொகுதி குடும்பத்தாரின் அனுமதியின்றி வெளியிடப்பட்டு எதிர்ப்பு எழுந்தபின், அத்தரவை அணுகுவோரைப் பரிசீலிக்கும் குழுவில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் அக்குடும்பத்தினருக்கு இடமளித்தது. பணம் அதில் இல்லை. 2021இல் லாக்ஸின் வாரிசுகள் தெர்மோ ஃபிஷர் நிறுவனத்தின்மீது, நியாயமற்ற முறையில் செல்வம் ஈட்டியதாக வழக்குத் தொடுத்தனர். 2023 ஆகஸ்டில் சமரசம் ஏற்பட்டது, நிபந்தனைகள் வெளியிடப்படவில்லை. தீர்ப்பாக அது பதிவாகாததால், அடுத்து வழக்காட வருவோர் எடுத்துக்காட்ட அதில் முன்னுதாரணம் ஏதுமில்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கையிலோ மூர் தீர்ப்பு இருக்கிறது.